புயல் ஓய்ந்த பிறகு வரும் வெள்ளம்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புயலுக்குத் தயாராவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மெழுகுவர்த்தி, பால் பவுடர், சார்ஜ் ஏற்றிய போன் எல்லாம் முதல் நாளே வந்துவிடும். தடுமாற்றம் காற்று நின்ற பிறகுதான் தொடங்குகிறது. புயல் போய்விட்டது என்று மேலே தூக்கி வைத்த சாமானை இறக்கி வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்கும்.

2024 ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ., மயிலத்தில் 51 செ.மீ. மழை. அப்புறம் அது வலுவிழந்து மேற்கே போனது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர்தான் விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலூரின் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது.

காற்று, தெருவில் தேங்கும் மழை, ஏரி, அணை, கடல் எல்லாம் ஒரே புயலில் ஒன்றன்பின் ஒன்றாகவும், சில சமயம் ஒன்றின்மேல் ஒன்றாகவும் வரும். அந்த வரிசைப்படி தயாராவதற்கான வழி இது. தனி வீட்டுக்கும் பொருந்தும். தெருவில் பத்து வீடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

1. உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்று எழுதுங்கள்

இதைப் புரட்டாசியிலேயே செய்துவிட வேண்டும். மற்ற எல்லா முடிவும் இதை வைத்துத்தான். ஒரு தாளில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். தெருவில் தேங்கும் மழைத்தண்ணீர் எங்கே வடிகிறது? மேற்கே எந்த ஏரி இருக்கிறது, அதன் கலங்கல் (ஏரி நிரம்பினால் வழியும் இடம்) தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது? பக்கத்து ஆறு எது, அதற்கு மேலே எந்த அணை? கடல் எவ்வளவு தூரம்?

ஆற்றைச் சரியாக அறிந்துகொள்வது முக்கியம். நாணமேடு, உச்சிமேடு, குண்டுஉப்பலவாடி, பெரியகங்கணாங்குப்பம், தாழங்குடா பக்கம் இருப்பவர்களுக்குத் தென்பெண்ணை. மேலே சாத்தனூர், அதற்கும் மேலே கிருஷ்ணகிரி அணை. கடலூர் நகருக்குள் கெடிலம். முதுநகர், துறைமுகம் பக்கம் உப்பனாறும் பரவனாறும். வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் சங்கராபரணி; மேலே வீடூர் அணை. பாகூர் பக்கம் தென்பெண்ணையோடு மலட்டாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் பிரச்சினை வேறு. அங்கே மழை பெய்த இடத்திலேயே நின்றுவிடும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து ஓடையோர ஊர்களுக்கு நேரமே கிடைக்காது. 2015 நவம்பரில் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் மேட்டு நிலத்திலிருந்து இறங்கிய ஓடை வெள்ளம்தான் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அணைத் தண்ணீர் என்றால் பல மணி நேர அவகாசம் உண்டு. ஓடைத் தண்ணீருக்கு அது கிடையாது. அதனால் ஓடைக்கரையில் இருப்பவர்கள் சிவப்பு எச்சரிக்கை வந்த பகலிலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

இளைஞர்கள் பலர் இந்தத் தாளை போன் வரைபடத்தைப் பார்த்தே நிரப்பிவிடுகிறார்கள். அது போதாது. வரைபடத்தில் வாய்க்கால் இருக்கும், நேரில் அதன்மேல் கடை இருக்கும். நடந்து போய்ப் பாருங்கள். தெருவில் வயதானவர்களிடம், "போன தடவை தண்ணி எந்தப் பக்கத்திலேர்ந்து வந்துச்சு, எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று கேளுங்கள். தண்ணீர் வந்த திசை தெரிந்தால், தப்பிப் போகிற வழியை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

2. அளவுக் குறி போடுங்கள்

வீட்டுக்குள்ளிருந்தே கண்ணுக்குத் தெரிகிற ஒரு மின்கம்பத்தையோ மதில் சுவரையோ தேர்ந்தெடுங்கள். பூசாத செங்கல் சுவர் கிடைத்தால் மிகவும் வசதி. ஒரு செங்கல் வரிசை சாந்தோடு சேர்த்துச் சுமார் 8 செ.மீ. இருக்கும். சிவப்பு பெயிண்டில் இரண்டு கோடு போடுங்கள். மேல் கோடு உங்கள் வீட்டு வாசற்படி மட்டம். கீழ்க்கோடு அதற்கு நான்கு வரிசை, அதாவது சுமார் 32 செ.மீ., கீழே.

மட்டத்தைக் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசற்படியிலும் மறு முனையைச் சுவரிலும் பிடித்துப் போடுங்கள். தெரு சரிந்திருந்தால் கண் ஏமாற்றும்.

தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் நமக்குத் தேவை. அரை மணிக்கு ஒருமுறை எத்தனை வரிசை மூழ்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு வரிசை என்றால், கீழ்க்கோட்டிலிருந்து வாசற்படிக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. மழை நின்ற பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை. ஏரியோ ஆறோ உள்ளே வருகிறது. அந்த நிமிடமே தெருவுக்குச் சொல்ல வேண்டும்.

3. எச்சரிக்கையில் எதைப் பார்ப்பது

வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20 செ.மீ., அதற்கு மேல் அதிகனமழை. சிவப்பு எச்சரிக்கை என்றால் செயலில் இறங்க வேண்டும் என்று பொருள். துறைமுகக் கூண்டு எண் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் ஏற்றப்படுவது. 8, 9, 10 பெரும் அபாயத்தைக் குறிக்கும். காற்றுக்கு அது உதவும். மழை எவ்வளவு என்று அது சொல்லாது. மூன்றாம் எண் கூண்டுதானே என்று நிம்மதியாக இருந்த வீட்டிலும் வெள்ளம் வரலாம்.

எந்த இடத்தில் கரையைக் கடக்கிறது என்பதையும் கவனியுங்கள். புயல் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி அடிக்கும். கடல் மட்டம் உயர்ந்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைக்கும். வடக்கே கடந்தால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். கடல் பயம் குறையும். ஆனால் மழையும் அணைத் தண்ணீரும் குறையாது. மரக்காணத்துப் பக்கம் போய்விட்டது, கடலூர் தப்பித்தது என்று பேசிக்கொள்வார்கள். அது காற்றுக்கு மட்டும்தான் சரி.

அடுத்து அணை நிலவரம். தினமும் காலையில் பார்க்க வேண்டியது அணையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான். சாத்தனூரின் முழு உயரம் 119 அடி, வீடூருக்கு 32 அடி. கார்த்திகையில் பாசனத்துக்காகத் தேக்கி வைத்திருப்பார்கள். அணை காலியாக இருந்தால் பெருமழையையும் வாங்கிக்கொள்ளும். நிரம்பும் தறுவாயில் இருந்தால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட வேண்டியதுதான், வேறு வழியில்லை. நம் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் ஊத்தங்கரையிலும் செங்கத்திலும் மழை என்றால் அது நமக்கான மழை.

கன அடி என்றதும் பலரும் முழிக்கிறார்கள். ஒரு கன அடி 28 லிட்டர். வினாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் இரண்டு தண்ணீர் லாரிக்கு மேல் கொட்டுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அளவு படிப்படியாகக் கூட்டப்படும். இரவு எட்டு மணிக்குக் கேட்ட அளவை வைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. தெருவில் முறை வைத்து ஒருவர் விழித்திருந்து கேட்க வேண்டும்.

தகவலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, அவசரத்துக்கு 112. பேட்டரி ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். செல்போன் கோபுரத்து ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தால் வாட்ஸ்அப் குழு எல்லாம் அடங்கிவிடும்.

4. இரண்டு நாள் முன்பு செய்ய வேண்டியவை

வெளியிலிருந்து உள்ளே, பிறகு கீழிருந்து மேலே என்று போங்கள். மழை பிடித்துவிட்டால் வெளி வேலை செய்ய முடியாது, உள் வேலையை எப்போதும் செய்யலாம்.

முதலில் தெரு வாய்க்காலின் வாயில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக், தென்னை மட்டை, கட்டடக் கழிவு. பத்து வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினால் ஒரு காலையில் முடிந்துவிடும். அப்புறம் மொட்டைமாடி. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அடைத்த இலையை எடுங்கள், உடைந்த ஓடு, தகரம், பூந்தொட்டி எதுவும் அங்கே இருக்க வேண்டாம். சின்டெக்ஸ் தொட்டியை முழுக்க நிரப்புங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீரும் கிடையாது. குடிக்கத் தனியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வீதம் ஐந்து நாளுக்குப் பிடித்து வையுங்கள்.

உள்ளே, ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, பாஸ்புக், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் உறையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். கிளம்பும்போது கையில் எடுக்கும் பைக்குள் இருக்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரி, மிக்ஸி, அரிசி மூட்டை எல்லாம் மேலே போகட்டும். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்க முடியாவிட்டால் மேசைமேல் ஏற்றிக் கட்டிவிடுங்கள். தண்ணீரில் அது மிதந்து கவிழ்ந்து கதவை அடைத்துக்கொள்ளும். கேஸ் சிலிண்டரும் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். சமையல் இருக்கிறதே என்றால், கிளம்பும் நேரத்தில் செய்யலாம். ஆனால் கயிறு முன்பே அங்கே தொங்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் ஈர மணலில் வைத்த மண் பானை தயாராக இருக்கட்டும். பிரசவத் தேதி நெருங்கியவர்களையும் டயாலிசிஸ் செய்பவர்களையும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் 108 வண்டி வர நினைத்தாலும் சாலை இருக்காது.

5. எப்போது கிளம்புவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

தண்ணீர் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசினால் முடிவே வராது. "அப்பா வரமாட்டேங்கறாரு" என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் அளவைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டால் குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் கிளம்ப வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் வந்தால் எல்லோரும். இருட்டும் முன் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள், அன்று பகலிலேயே போய்விடுங்கள்.

கூரை வீடு, ஓட்டு வீடு, கடற்கரையோரக் குப்பங்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். புயல் கடக்கும் முன்பே முகாமுக்குப் போக வேண்டும். முகாமுக்குப் போகும் வழியில் தரைப்பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முகாம் என்று கணக்கில் வராது, வேறு இடம் தேடுங்கள். ஆடு மாடுகளைக் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். மேட்டில் ஓட்டிவிட முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

6. காற்று அடிக்கும்போது

வீட்டுக்குள் இருங்கள், ஜன்னலை விட்டுத் தள்ளி. இவ்வளவுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புயலின் மையம் நம்மேல் கடந்தால் காற்று திடீரென்று நின்றுவிடும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். முதல் காற்றில் பாதி சாய்ந்த மரம் இரண்டாவது காற்றில்தான் விழும். முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை வெளியே வராதீர்கள்.

7. காற்று நின்ற பிறகு மூன்று நாள்

எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பாட்டி கேட்பார்: "அதான் காத்து நின்னுடுச்சே தம்பி, இன்னும் எதுக்கு அரிசிய மேல வச்சிருக்கீங்க?" அவருக்குச் சொல்லும் பதில்தான் இந்தப் பகுதி முழுக்க.

முதல் நாள் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர். அது வடிய வாய்க்கால் வேண்டும், வாய்க்கால் வடிய ஆறு தாழ்ந்திருக்க வேண்டும், ஆறு வடிய முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். புயலுக்குப் பின் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியேறாமல் எதிர்த்து நிற்கும். கடல் நீரின் ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம், இறக்கம் ஆறு மணி நேரம் என்று மாறி மாறி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மீனவர்களிடம் கேட்டால் அன்றைய ஏற்ற நேரத்தைச் சரியாகச் சொல்வார்கள். அந்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கொஞ்சம் வடிவதைப் பார்த்து, வடிந்துவிட்டது என்று சாமானை இறக்குவது வழக்கமான தவறு. அடுத்த ஏற்றத்தில் திரும்ப ஏறும்.

அதே நாளில் அல்லது மறுநாள் ஏரிகள். நம் பக்கத்து ஏரிகள் ஒன்றன் கலங்கல் அடுத்ததன் வரத்தாகச் சங்கிலி போல் இருக்கும். மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பதன் மேல் அந்தச் சுமையும் சேரும். ஆகவே உங்கள் ஊர் ஏரியைப் போலவே அதற்கு மேலே இருக்கும் ஊரின் ஏரியையும் கேட்டு வையுங்கள், அங்கே ஒருவரின் போன் எண் இருக்கட்டும். கரையில் நடந்து பார்ப்பவர்கள் கரையின் வெளிப்பக்க அடியைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண்காணிக்க வேண்டும். மண் கலந்து கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே நீர்வளத் துறைக்கும் (புதுச்சேரியில் பொதுப்பணித் துறைக்கும்) கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லிவிட்டு, கீழே இருக்கும் தெருக்களைக் காலி செய்யுங்கள். மணல் மூட்டையோடு அந்த இடத்தில் இறங்குவதை ஆட்களும் அனுபவமும் உள்ளவர்களிடம் விடுங்கள்.

அப்புறம்தான் அணை. மேற்கே பெய்த மழை அணைக்கு வந்து, அணையிலிருந்து திருக்கோவிலூர், சொர்ணாவூர் வழியாக நம்மை எட்ட நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். திருக்கோவிலூரில் தரைப்பாலம் மூழ்கியது என்ற செய்தி வந்தால், கடலூரில் ஆறு அமைதியாக இருந்தாலும் கிளம்பும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். ஆறு ஏறிய பிறகு தொடங்கினால் சாலை போய்விடும்.

புயல் கடந்து மூன்று நாள் ஆகி, அணையிலிருந்து வரும் அளவு குறைந்து, உங்கள் சுவர்க் குறியில் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் கடந்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால் மட்டும் சாமானை இறக்குங்கள். மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

8. தண்ணீர் வாசலைத் தொடும்போது

முதலில் மெயின் சுவிட்ச். கால் காய்ந்திருக்கும்போதே அணைக்க வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தொடவே கூடாது. அடுத்து கேஸ், கையில் எடுக்கும் பை, கதவு. இன்வெர்ட்டரைத் தனியாக அணைக்க மறந்துவிடுவார்கள். மெயின் அணைத்தாலும் அது வீட்டுக்குள் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வழியில் கையில் ஒரு நீளமான கழி இருக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் முன் தட்டிப் பார்த்து நடங்கள். திறந்த சாக்கடைதான் எமன். ஓடும் தண்ணீர் முழங்காலை எட்டினால் திரும்பிவிடுங்கள், காரும் பைக்கும் அந்தத் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். அறுந்த கம்பி தண்ணீரில் கிடந்தால் அந்தத் தெருவையே தவிருங்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் தண்ணீரில் நிறமோ காரமான நெடியோ தெரிந்தால் அதில் இறங்காமல், காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய் 112க்குச் சொல்லுங்கள்.

9. வடிந்த பிறகு

துடைக்கும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, சேதமான ஒவ்வொரு பொருள், வீட்டின் முன்பக்கம் எல்லாம் தேதியோடு. சுத்தம் செய்த வீட்டைப் பார்த்துக் கணக்கெடுக்க வருபவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், காப்பீட்டுக்காரரிடம் சொல்லி மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லுங்கள். மின்சாரம் வந்தாலும் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள்.

கதவைத் திறந்ததும் கையை விட்டு எதையும் எடுக்காதீர்கள், கழியால் தட்டுங்கள். பாம்பு மேட்டைத் தேடி அரிசி மூட்டை, துணிக்குவியலுக்குள் போயிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள்.

கிணற்றை இறைத்துவிட்டு, சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். அதுவரை குடிதண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். வெள்ளத்தில் நடந்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மாத்திரைக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போய், வெள்ளத்தில் நடந்தேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் அந்தப் பரிசோதனையை நினைப்பார்.

பயிர்க் காப்பீடு செய்திருப்பவர்கள் வயலில் தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். தண்ணீர் புகுந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான எண் 14447. வீட்டு வேலை முடியட்டும் என்று நான்காம் நாள் அழைப்பவர்கள் நிறையப் பேர். வீட்டைப் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும், வயலை ஆண்கள் பார்க்கட்டும் என்று பிரிப்பதைவிட, யாருக்குப் போனும் பட்டா எண்ணும் கையில் இருக்கிறதோ அவர் அன்றே அழைத்து, பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.